புரி இல்லாத முனை

மாசி பிறந்தும் கந்தப்பளைப் பக்கம் பனி குறைந்தபாடில்லை. விடியற்காலையில் புல்லெல்லாம் உப்பைத் தூவினதுபோல வெளுத்துக் கிடந்தது. அந்தக் குளிரில், பிள்ளை பெற்று ஒன்பது நாளே ஆன ஒருத்திக்குக் காலையும் மாலையும் வெந்நீர் ஊற்றுவது என்றால் என்ன பாடு என்பது ஊற்றினவளுக்குத்தான் தெரியும்.

நாகலெட்சுமி ஊற்றினாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஐந்தாம் நம்பர் லயத்தின் கடைசி வீடு, தொங்கல் காம்பரா, அவளுடையது. அவளும், தம்பி வினோஜனும், தம்பி பெண்டாட்டி சுலக்ஷனாவும் அங்கே இருந்தார்கள். நாலரைக்கு எழுந்து அடுப்பில் மிலாறைத் திணிப்பாள். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிக்கு அங்கே மிலாறு என்று பேர். பனியில் நனைந்த மிலாறு சுலபத்தில் பற்றாது. புகையைக் கக்கும். ஊதி ஊதிக் கண் சிவந்து, அண்டா கொதிக்கும்போது ஆறு மணியாகிவிடும். சுலக்ஷனாவுக்கு நொச்சியும் யூகலிப்டஸ் குழையும் போட்டு ஊற்றி, பூண்டுக் கஞ்சியை வைத்துவிட்டு, ரொட்டி ஒன்றைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டே, வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு ஓடுவாள். பேர் கொடுக்கப் பிந்தினால் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா திருப்பி அனுப்பிவிடுவார்.

இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் வினோஜன் அந்தக் கீசரைக் கொண்டுவந்தான். அவன் நுவரெலியாவில் பைப் பாஸ், குழாய் வேலைக்காரன். ஏப்ரல் சீசனுக்காக ஹோட்டல் ஒன்றைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டதைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

"என்னாடா இது, பறை மாதிரி?" என்றாள் நாகலெட்சுமி.

"ஒனக்கு ஓய்வுக்கா. இனி சுவிட்ச தட்டுனா சுடுதண்ணி. நாலரைக்கு எந்திரிக்க வேணாம்."

"எனக்கு எதுக்கு ஓய்வு? நா என்ன புள்ளையா பெத்தேன்?"

உள்ளே பாயில் கிடந்த சுலக்ஷனா சிரித்தாள். "மதினி, வேணாம்னு மட்டும் சொல்லிறாதீங்க. அப்புறம் அவரு அதயும் தூக்கிக்கிட்டு எங்கூட்டுக்குக் கொத்மலைக்குப் போயிருவாரு."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. வீட்டின் பக்கச் சுவரோடு ஒட்டித் தகரம் போட்ட குளிக்கிற அறை. அதன் கதவு வெளியே திறக்கும். எதிரே காமன் பொட்டல். வருடா வருடம் மாசியில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்துக் கட்டுகிற வெற்றிடம். பொட்டலுக்குக் கீழே, அந்த வருடம் கவ்வாத்து வெட்டின மலை மொட்டையாகச் சரிந்து கிடந்தது.

வினோஜன் சுவரில் துளை போட்டான், ஆணி அறைந்தான், பெட்டியைத் தொங்கவிட்டான். எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தது. ஆனால் பெட்டிக்கு அடியில் இருந்த ஒரு சின்ன வால்விலிருந்து சுவரைத் துளைத்து வெளியே இறங்குகிற ஒற்றைக் குழாய்க்காக மட்டும் சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டினான்.

"அக்கா, ஒரு போத்தல்ல பாதித் தண்ணி ஊத்திக் கொண்டா."

"தாகமாடா?"

"மட்டம் பாக்க." போத்தலைக் குழாய்மேல் படுக்க வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "சரிவா இருக்கணும். எங்கயும் தண்ணி தங்கப்படாது."

"எங்க கல்யாணத்துக்குக்கூட இவரு இம்புட்டு மட்டம் பாக்கல" என்றாள் உள்ளேயிருந்து சுலக்ஷனா.

"பாத்திருந்தா ஒன்ன கட்டியிருப்பேனா?"

நாகலெட்சுமி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று ரசித்தாள். "பீலிக் குழாய ஒடச்ச பய, இன்னிக்கு வூட்டுக்குக் குழாய் பூட்டுறான் பாரு."

பழைய கதை அது. வினோஜனுக்கு எட்டு வயதிருக்கும்போது, லயத்துச் சனம் மொத்தமும் தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாயைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டான். கண்டாக்கையா பிரம்போடு வந்தபோது, "நான்தாங்கய்யா" என்று முன்னால் போய் நின்றவள் நாகலெட்சுமி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அவள் எத்தனை தடவை அப்படி நின்றாள் என்பதற்குக் கணக்கில்லை.

குழாயின் இரண்டு முனையிலும் திருகுகிற புரி இருந்தது. வினோஜன் கீழ்முனையை வாளால் அறுத்துப் புரியை அப்படியே எடுத்துவிட்டான்.

"நல்ல பைப்ப ஏன்டா அறுக்குற?"

"புரி இருந்தா எவனாச்சும் ஒரு மூடியத் திருகி வச்சிருவான்க்கா. ஹோட்டல்லயே செஞ்சிருக்கானுங்க. இது எப்பவும் தொறந்தே கெடக்கணும்."

அந்த முனை தரைக்கு ஒரு சாண் மேலே, பொட்டலைப் பார்த்து நின்றது. பின்பக்கத்துச் சாக்கடைக் காணுக்குத் திருப்பத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் கந்தப்பளை ஜமால்தீன் நானா கடையில் அந்த அளவில் குழாயை வளைக்கிற எல்போ முடிந்திருந்தது. சனிக்கிழமை லொறி வரும், அன்றைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

சாயங்காலம் முதல் தண்ணீர் வந்தது. ஆவி பறந்தது. சுலக்ஷனா குளித்துவிட்டு வந்து, "மதினி, எலும்புக்குள்ள இருந்த குளிரு போயிருச்சு" என்றாள். நாகலெட்சுமிக்குக் கண் கலங்கியது. புகையில்லாமல் கண் கலங்கினது அந்த ஒன்பது நாளில் அதுதான் முதல்.

மறுநாள் விடியுமுன்னே வினோஜன் கிளம்பும்போது, குழாய் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதை அவள் பார்த்தாள்.

"டேய், புது வேலயிலயே ஒழுகுது!"

"ஒழுகல. சொட்டணும். தண்ணி சூடானா வீங்கும்க்கா. வந்த வழியா திரும்பிப் போகவும் ஏலாது, வால்வு மறிக்கும். அப்ப மிச்சம் எங்க போகும்? இதுல வரும். சொட்டுனா எல்லாம் சரின்னு அர்த்தம்."

"நல்ல தண்ணிதான?"

"குடிக்கிற தண்ணி. வாளிய வச்சுப் புடிச்சுக்க. ஆனா இத மட்டும் யாரும் அடைக்கப்படாது."

"அடைச்சா?"

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. "அடைக்கப்படாது, அம்புட்டுதான்" என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டில் இறங்கி ஓடினான். ஹோட்டல் வேலை மும்முரம். இனி சனிக்கிழமைதான் வருவான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, காமன் கூத்து மாஸ்டர் கணேசமூர்த்தி வாசலில் நின்றிருந்தார். விரதக்காரர். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. தண்ணீர்கூட வாங்கவில்லை. பிள்ளை பெற்ற தீட்டு வீடு.

"தங்கச்சி, நா சண்டைக்கு வரல" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"நாளைக்குக் கம்பம் ஊன்றோம். ஒங்கூட்டுத் தண்ணி பொட்டல்ல ஓடுது. பச்ச ஒடம்புக்காரி குளிக்கிற தண்ணி. பயலுக வெறுங்காலோட வெரதம் புடிச்சு மிதிக்கிற மண்ணு."

"ஐயோ, அது அவ குளிச்ச தண்ணி இல்லண்ணே. குளிச்ச தண்ணி பின்னாலதான் போகுது. இது பொட்டியிலேருந்து வர்ற நல்ல தண்ணி. தம்பி சொன்னான்."

"எனக்குப் புரியுதும்மா. முப்பது பேருக்கு நா எப்புடிப் புரிய வப்பேன்? ஈரத்தப் பாத்தா தீட்டுங்கிறானுங்க. வெரதக்காரப் பய அழகன் இப்பவே மொணங்குறான். நாளைக்கு எவனுக்காச்சும் காய்ச்சல் வந்தா ஒங்கூட்டத்தான் சொல்லுவானுங்க."

"சனிக்கிழம தம்பி வந்து திருப்பிருவான்."

"கம்பம் சனிக்கிழம வரைக்கும் காத்திருக்குமா?" அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒனக்கு நா சொல்லணுமா தங்கச்சி? போன வருசம் மடியேந்தி நின்னவ நீ."

ஆமாம், நின்றாள். ஐந்து வருடம் சுலக்ஷனாவுக்கு வயிறு திறக்கவில்லை. போன மாசியில் இதே பொட்டலில், ரதி ஆடி வந்தபோது, முந்தானையை விரித்துக் கேட்டவள் நாகலெட்சுமிதான். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை அந்த மண் கொடுத்தது. கொடுத்த மண்ணிலேயே தீட்டைச் சிந்துவதா?

"நா பாத்துக்கிறேண்ணே" என்றாள்.

புதன்கிழமை காலை பெரட்டுக்குப் போகுமுன் பார்த்துக்கொண்டாள். ஒரு சாண் நீளமான மிலாறுக் குச்சியை எடுத்து, நுனியைக் கத்தியால் சீவி, தன் பழைய நீலப் பாவாடையில் கிழித்த துணியை இறுகச் சுற்றினாள். குழாய் முனையில் சொருகி, அம்மிக்குழவியால் நாலு தட்டுத் தட்டினாள். பிடித்து இழுக்க நாலு விரற்கடை வெளியே விட்டாள்.

தம்பி அடைக்காதே என்றது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் அறிந்த தண்ணீர் பீலித் தண்ணீர். பீலிக் குழாய் வெடித்தால் இதே மாதிரி மிலாறும் துணியும் வைத்து எத்தனை முறை அடைத்திருக்கிறாள்! அடைத்தால் அது நிற்கும். மேலே தொட்டியில் பொறுமையாகக் காத்திருக்கும். திறந்தால் வரும். இதுவும் மூன்று நாள் நிற்கட்டும், சனிக்கிழமை தம்பி வருமுன்னே பிடுங்கிவிடலாம் என்று நினைத்தாள். தண்ணீருக்குக் கோபம் வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பொட்டல் காய்ந்து கிடந்தது. தப்பு முழங்கக் கம்பம் ஊன்றினார்கள். தூரத்தில் நின்று கும்பிட்டாள். கணேசமூர்த்தி இவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாகலெட்சுமி ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை தொட்டிலில் தூங்கியது. சுலக்ஷனா குளிக்கப் போயிருந்தாள்.

முதலில் சத்தம் கேட்டது. மலையில் பாறைக்கு வேட்டு வைத்ததுபோல ஒரு சத்தம். தகரம் அதிர்ந்தது. அதற்கப்புறம்தான் சுலக்ஷனாவின் குரல்.

நாகலெட்சுமி பின்கதவால் சுற்றி ஓடினாள். குளிக்கிற அறைக் கதவின் இடுக்கிலெல்லாம் ஆவி பீறிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் குழாய், அந்தக் குச்சி.

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் நடந்ததைத்தானே சொல்லவேண்டும்? அவள் கை முதலில் கதவுக்குப் போகவில்லை. குச்சிக்குப் போனது. பற்றித் திருகிப் பிடுங்கி, கீழே கவ்வாத்து மலையில் வீசினாள். குச்சி கொதித்தது, உள்ளங்கைத் தோல் அதோடு போனது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அப்புறம் கதவை உதைத்து, ஆவிக்குள் புகுந்து, சுலக்ஷனாவை இழுத்து வெளியே போட்டாள். பெட்டியின் அடிப்பக்கம் பிளந்து தொங்கியது. சுலக்ஷனாவின் முதுகும் இடது தோளும் வெந்திருந்தன.

விரதக்காரர்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். தீட்டென்று ஒருவனும் நிற்கவில்லை. அழகன் தன் விரதத் துண்டாலேயே அவளைச் சுற்றித் தூக்கினான். தோட்டத்து லொறியில் நுவரெலியாப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கணேசமூர்த்தி பொட்டலில் நின்று தலையில் கைவைத்தபடி அழுதார். குழாய் அடைபட்டது, அதை யார் அடைத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஏதோ செய்து தண்ணீரை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் நினைத்திருந்தார்.

சுலக்ஷனா பிழைத்துக்கொண்டாள். ஆனால் பால் நின்றுவிட்டது. சம்பவம் நடந்த பதினெட்டாம் நாள் அவளுடைய தகப்பன் நல்லமுத்து, கொத்மலையிலிருந்து வேன் பிடித்து வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும் பிள்ளையையும் நேரே தன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"பழைய குப்பையப் பொறுக்கியாந்து மாட்டி, எம்மகள அவிச்சுப்புட்டியேடா" என்று வார்டு வாசலில் வைத்து வினோஜனைப் பார்த்துச் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. "நீ பாஸா? ஒனக்கு வேல தெரியும்னு எவன்டா சொன்னது?"

 நாகலெட்சுமி பக்கத்தில்தான் நின்றாள். கட்டுப் போட்ட கையை நல்லமுத்து தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "தாயி, நீ இல்லேன்னா எம்புள்ள பொணம். கையச் சுட்டுக்கிட்டு இழுத்துப் போட்டியாமே." அவள் அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

லயம் முழுக்க அதே பேச்சு. வினோஜன் வேலை சரியில்லை. நாகலெட்சுமி தெய்வம். ஹோட்டல்காரர்கள் வினோஜனின் போனை எடுக்காமல் விட்டார்கள்.

அவன் பிளந்த பெட்டியைக் கழற்றி வாசலில் வைத்து, நாள் முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தான். வால்வை வாயில் வைத்து ஊதினான். குழாயை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தான். போத்தலை மறுபடி படுக்க வைத்துச் சரிவு பார்த்தான்.

"வால்வு வேல செய்யுதுக்கா. கொழாயில தூசு இல்ல. சரிவும் சரியா இருக்கு. நா எங்க தப்பு செஞ்சேன்னே தெரியல. எங்கன்னு தெரிஞ்சாக்கூட மனசு ஆறும்."

மூன்று இரவு அவன் சோறு தின்னவில்லை. நாலாம் நாள் மத்தியானம், ஸ்பேனர்களையும் வாளையும் எண்ணெய் துடைத்து ஒரு சாக்கில் போட்டுக் கட்டினான்.

"எங்கடா கொண்டு போற?"

"ஜமால்தீன் நானாகிட்ட குடுக்குறேன்னு சொல்லிட்டேன். வேண்டியவனுக்குக் குடுக்கட்டும். நாளைக்குக் கொழும்பு போறேன். துணிக்கடையில மூட்ட தூக்குற வேல இருக்காம்."

"சுலக்ஷனா?"

"அவ அப்பா அவகிட்ட போனக் குடுக்கல. இனி ஒருத்தர் வூட்டுக் கொழாயிலயும் கை வைக்க மாட்டேன்க்கா. வச்சா, அந்த வூட்டுலயும் ஒரு புள்ள இருக்கும்."

நாகலெட்சுமி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"தம்பி, கொழாய அடச்சது நா."

"எந்தக் கொழாய?"

"நீ அறுத்து வச்சியே, அந்த முனைய. காமன் ஊன்றன்னிக்கு. தீட்டுத் தண்ணி பொட்டல்ல படுதுன்னாங்க. மிலாறுக் குச்சியில துணி சுத்தி அடிச்சேன். மூணு நாளு. வெடிச்சவுடன புடுங்கி வீசிட்டேன். நீ தப்பு செய்யலடா. நாந்தான் செஞ்சேன்."

வினோஜன் அவளையே பார்த்தான். முகம் மெல்ல இளகியது. எட்டு வயதில் பிரம்புக்குப் பயந்து அவள் பின்னால் ஒளிந்து நின்று பார்த்த அதே பார்வை.

"போதும்க்கா" என்றான்.

"என்னாடா போதும்?"

"பீலிய ஒடச்சது நா. 'நான்தாங்கய்யா'ன்னு நீ போய் நின்ன. மாஸ்டர் வூட்டு ஆட்ட அவுத்து வுட்டது நா. நீதான் திட்டு வாங்குன. இப்ப எனக்கு இருவத்தொம்பது வயசுக்கா. இதயும் நீ சொமக்க வேணாம்."

"இது அப்புடி இல்லடா. இது நெசம்!"

"அப்பவும் நீ இப்புடித்தான் சொன்ன. இதே மாதிரி கண்ணு கலங்காம."

"கைய பாரு! குச்சி சுட்டது இது."

"அவள இழுக்கறப்ப வெந்தது. ஊரே பாத்துச்சு."

"குச்சியப் புடுங்கிட்டுத்தான்டா அவள இழுத்தேன். மொதல்ல குச்சி. அப்புறந்தான் அவ. கேளுடா, அப்புறந்தான் அவ!"

"அப்புடிச் செய்யிறவளா நீ?" என்றான் அவன்.  "சரி, அந்தக் குச்சி எங்க?"

அவள் கையை நீட்டினாள். வாசலுக்குக் கீழே கவ்வாத்து மலை. வெட்டிப் போட்ட மிலாறு, காம்பு காம்பாக, கண்ணெட்டுகிற தூரத்துக்கும் மண் தெரியாமல் கிடந்தது. எல்லாம் ஒரே கனம், ஒரே சாம்பல் நிறம். வினோஜன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்தான். சம்பவத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல். அழுதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"சோறு போடுக்கா" என்றான். "பசிக்குது."

அவள் அக்கம்பக்கத்தில் போன் வாங்கிக் கொத்மலைக்கும் பேசினாள். சுலக்ஷனா கடைசிவரை கேட்டாள். "மதினி, அவருக்காக நீங்க எதுவும் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். அவரு மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அந்தச் சொவத்த நெனச்சாலே ஒடம்பு நடுங்குது" என்று சொல்லிவிட்டு, பிள்ளை அழுகிறது என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் தம்பியை ஏற்றிவிட்டு நாகலெட்சுமி பெரட்டுக்குப் போகவில்லை. கவ்வாத்து மலையில் இறங்கினாள். புண் காயாத உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு குச்சியாக எடுத்துப் பார்த்தாள். சீவின நுனி. நீலத் துணி. துணி போயிருந்தாலும் ஒரு நூலாவது. எடுத்தாள், பார்த்தாள், போட்டாள். போட்டதையே மறுபடி எடுத்தாள். பிறகு பார்த்ததைத் தனியாகக் குவிக்க ஆரம்பித்தாள்.

மலைக்குப் போகிற பெண்கள் மேலே பாதையில் நின்றார்கள். அழகன் பெண்டாட்டி சுதர்ஷினி கூடையை இறக்கிவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்னா லெட்சுமியக்கா, கீசரு போனதும் மறுபடியும் மிலாறா?"

"ஆமா" என்றாள் நாகலெட்சுமி.

"அந்தக் கைய வச்சுக்கிட்டா பொறுக்குறீங்க? வாங்கடி, ஒரு கை போடுவோம்."

நாலு பேர் இறங்கினார்கள். "வேணாம், வேணாம்புள்ள, அப்புடி அள்ளாதீங்க" என்று இவள் சொல்லச் சொல்ல, கையில் அகப்பட்டதையெல்லாம் வாரி, பார்த்த குவியலையும் பாராததையும் ஒன்றாகச் சேர்த்து, கொடியால் இறுகக் கட்டிவிட்டார்கள். ஒரு கட்டை அவள் தலையில் ஏற்றினார்கள். மிச்சத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். "ஊரையே காப்பாத்துன கை, கொஞ்சம் ஓய்வு குடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள்.

வீட்டில் யாரும் இல்லை. தொட்டில் கட்டின கயிறு மட்டும் கூரை வளையில் தொங்கியது. வழக்கத்தில் கை அண்டாவை எடுத்து அடுப்பில் வைத்தது. யாருக்கு ஊற்ற என்று அவள் யோசிக்கவில்லை. கட்டைப் பிரித்தாள். ஒரு குச்சியை உருவி, கதவுப் பக்கம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நுனியைத் திருப்பிப் பார்த்தாள். அடுப்பில் வைத்தாள். அடுத்ததை உருவினாள்.